நிற்கிற இடம்

"இன்னைக்குச் சாயங்காலம் சல்சா கிளாஸ் இருக்கும்மா, பஸ் ஸ்டாண்டுல எறங்கி நேரா அங்கதான் போவேன்" என்று போனில் சொன்னாயே, அது என் காதில் விழுந்துவிட்டது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதே. முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கிறோம், விழாமல் எங்கே போகும்?

நான் பிறத்தியாரிடம் வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் கேட்டுப் பார், எமில்டா வாயைத் திறக்கமாட்டாள் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்த வார்த்தையை இன்னொரு வாயில் கேட்டு எவ்வளவு காலமாகிறது. எங்கள் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இந்நேரம் உன்னைப் பிடித்துக்கொண்டிருப்பார். விடமாட்டார். "சல்சாங்கிறது ஆட்டத்தோட பேரே இல்ல பாப்பா. சல்சான்னா குழம்பு. நியூயார்க்குல இசைத்தட்டு வித்தவன், பல ஊரு ஆட்டத்தையும் ஒரே சட்டியில போட்டு அந்தப் பேர எழுதி ஒட்டிட்டான். அவளுக்கு அம்மா கியூபாவுல இருக்கா, ஸோன்னு பேரு. பெரியம்மா ஒருத்தி உண்டு, தன்ஸோன். நமக்குப் பழக்கம் அந்தப் பெரியம்மாதான்" என்று ஆரம்பித்தால் அருப்புக்கோட்டை தாண்டிவிடும். ஆட்டத்துக்கெல்லாம் முறை வைத்துப் பேசுகிற மனுஷன்.

கஸ்பார் தல்மேதா என்று பெயர். கப்பலில் போசன். மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி என்று வைத்துக்கொள். போன தவக்காலத்தில் தவறிவிட்டார். இப்போது மதுரையில் மகள் வீட்டுக்குத்தான் போகிறேன். ஜெசிந்தா. அவளும் உன்னை மாதிரிதான், பேசமாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள்.

தன்ஸோன் தெரியாதா உனக்கு? காசு வாங்கிக்கொண்டு ஆடச் சொல்லித் தருகிறவர்கள் அதைச் சொல்லித் தரமாட்டார்களா? நான் மீன் கழுவும்போது, துணி மடிக்கும்போது, ஜெபமாலையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். கேட்கிறேன் என்று காட்டிக்கொள்ளமாட்டேன். ஆனால் காது இருக்கிறதே.

ஹைத்தி என்ற தீவில் பிரெஞ்சுக்கார முதலாளிமார் கரும்புத் தோட்டம் வைத்திருந்தார்களாம். சாயங்காலமானால் எதிரெதிர் வரிசையாக நின்று ஆடுவார்களாம், தொட்டும் தொடாமலும். பெரிய வீட்டு ஆட்டம். அடிமைகள் எழும்பித் தோட்டத்துக்குத் தீ வைத்ததும் பக்கத்துக் கியூபாவுக்குத் தப்பி ஓடினார்கள். ஓடும்போது ஆட்டத்தையும் கொண்டுபோனார்கள், வீட்டு வேலைக்கிருந்த கறுப்பு ஜனங்களையும் கொண்டுபோனார்கள். அங்கே வாத்தியம் வாசித்தவர்கள் அந்த ஜனங்கள்தான். மேலே பிரெஞ்சுக்காரன் மெட்டு, அடியில் தங்கள் ஆப்பிரிக்கா மத்தளம். அப்படியே வளர்ந்து வளர்ந்து, மட்டான்ஸாஸ் என்ற துறைமுகத்தில் ஒரு கறுப்பு பேண்ட் மாஸ்டர் இதற்கென்றே தனியாக மெட்டுக் கட்டினாராம். வரிசை போய்விட்டது. ஆணும் பெண்ணும் கையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற ஆட்டமாகிவிட்டது. இது அசிங்கம், குடும்பத்துப் பெண்கள் ஆடுகிற ஆட்டமா இது என்று அந்த ஊர்ப் பத்திரிகையில் எல்லாம் எழுதினார்களாம்.

"அந்தப் பத்திரிகைக்காரன் நம்ம ஊர்க்காரனா இருப்பான்" என்று ஒருதடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரைச் சிரிக்கவைக்க நான் சொல்லவில்லை.

பிறகு கியூபாவில் சண்டை வந்தது. கப்பலேறித் தப்பியவர்கள் மெக்ஸிகோவில், வெராக்ரூஸ் துறைமுகத்தில் போய் இறங்கினார்கள். அங்கே மூட்டை தூக்குகிறவர்களும் மீன்காரர்களும் துணி வெளுக்கிற பெண்களும்தான் முதலில் அதைப் பிடித்துக்கொண்டது. பெரிய வீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளித்துவிட்டு அப்புறம் மெதுவாக வந்து சேர்ந்தார்கள். இப்போது சாயங்காலம் ஊர்ச் சதுக்கத்தில் பேண்ட் வாசிக்க, ஆடுகிறவர்களில் பாதிப் பேர் தலை நரைத்தவர்களாம். இடம்கூட அதிகம் வேண்டாம், ஒரு செங்கல் அகலத்துக்குள் நின்று ஆடிவிடலாம் என்பார்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்டத்துக்கு நடுவில் ஆடக்கூடாத இடம் ஒன்று வரும். ஆரம்பத்தில் வாசித்த மெட்டையே திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். அது வரும்போதெல்லாம் எல்லோரும் அப்படியே நின்றுவிட வேண்டும். ஜோடி ஜோடியாக, பக்கத்தில் பக்கத்தில், பேண்ட்டைப் பார்த்துக்கொண்டு. பெண்கள் விசிறிக்கொள்வார்கள். வெக்கையான ஊர், மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று ஆதியில் வைத்ததாம். அந்த மெட்டு முடிந்த நொடியில் எல்லோரும் ஒன்றாகக் காலெடுத்து வைப்பார்கள். விவரம் தெரியாதவன் அந்த நேரத்தில் ஆடினால் சதுக்கமே திரும்பிப் பார்க்குமாம்.

"ஆடுறது எந்தப் பயலும் ஆடிருவான்ட்டி. நிக்கத் தெரியணும்" என்பார்.

நிற்பதற்கு என்ன படிக்க வேண்டியிருக்கிறது? ரேஷன் கடையில் நான் நிற்காத நிற்பா?

ஏன் சிரிக்கிறாய்? சிரி, சிரி. நானும் ஆரம்பத்தில் சிரித்திருக்கலாம். அவர் அந்த ஆட்டத்தை எப்போது படித்தார் என்று தெரிந்தால் நீ சிரிக்கமாட்டாய்.

ஜெசி ஒன்றாம் வகுப்பு படித்த வருஷம் அது. எனக்கு இரண்டாவது வயிற்றில். அவர் போன கப்பல் சரக்கு இறக்க வெராக்ரூஸுக்குப் போனது. இறக்கியாயிற்று. கிளம்ப வேண்டிய நாளில் கிளம்பவில்லை. முதலாளி எண்ணெய்க்குக் கட்டவில்லை, துறைமுகத்துக்குக் கட்டவில்லை, ஆட்களுக்குச் சம்பளம் போடவில்லை. கப்பலை அப்படியே கைகழுவிவிட்டான். பேருக்குப் பனாமாக் கொடி கட்டின கப்பல். யாரைக் கேட்பது? கோர்ட்டு முடிகிறவரை கப்பலை விட்டு இறங்கி ஊருக்குப் போனால் சம்பளம் போச்சு. இருந்தால் சோறு இல்லை. வெயிலில் காய்கிற இரும்புக்குள், விளக்கும் இல்லாமல், மாசக்கணக்காக இருந்தார்கள். அந்த ஊர் மாதா கோவில் ஆட்கள் ரொட்டியும் பயறும் கொண்டுவந்து கொடுப்பார்களாம். சாயங்காலம் மட்டும் கரைக்குப் போய்வர அனுமதி.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மனுஷன் வரவில்லை, சம்பளமும் வரவில்லை. மாமியார் படுக்கையில். நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தண்ணீர்க்குடம் தூக்கினேன்.

ஏழாம் மாசத்தில் பிள்ளை செத்துப் பிறந்தது. பையன். கொழுந்தன்தான் ஒரு பெட்டி செய்து கொண்டுபோய்ப் புதைத்தான். நான் முகத்தை ஒருதடவை பார்த்தேன். நல்ல மூக்கு. அவர் மூக்கு.

அன்றைக்கு என்ன விதியோ, அவரிடமிருந்து போன் வந்தது. கோவில் ஆட்கள் மாசத்தில் ஒருத்தரைப் பேச விடுவார்களாம், இவர் முறை அன்றைக்குத்தான் வந்ததாம். எங்கள் தெரு முனையில் ஒரு டாக்டர் வீட்டில்தான் போன். என்னைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனார்கள். ரிசீவரை வாங்கி, "பிள்ள போயிட்டு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கடல் மாதிரி இரைச்சல்தான் கேட்கிறது. நான் காத்திருக்கிறேன். டாக்டர் பெண்சாதி பார்க்கிறாள். ஒரு வார்த்தை வரவில்லை. எமில்டா என்றுகூடக் கூப்பிடவில்லை. அப்படியே கட்டாகிவிட்டது.

கேட்டுக்கொள். அன்று சாயங்காலம் அவர் எங்கே போனார் தெரியுமா? சதுக்கத்துக்கு.

நானாகக் கண்டுபிடிக்கவில்லை, அவரே சொன்னதுதான். மறு வருஷம் ஊருக்கு வந்தார், எலும்பும் தாடியுமாக. வந்தவர் வாயில் கப்பல் கதை இல்லை, பசி இல்லை, கோர்ட்டு இல்லை. தன்ஸோன். ஒபீலியா என்று ஒரு துணி வெளுக்கிற கிழவி, எழுபது வயதாம், புருஷன் இல்லாதவளாம், அவள்தான் சொல்லிக் கொடுத்தாளாம். எழுபது வயது என்கிறார். நான் போய்ப் பார்த்தேனா?

"தெனமும் போவீகளோ?" என்று கேட்டேன்.

"தெனமும்தான்."

"நான் போன்ல சொன்னேனே, அன்னைக்கு?"

பொய் சொல்லத் தெரியாது அவருக்கு. அது ஒரு குறை. "போனேன்ட்டி" என்றார்.

"ஆடினீகளா?"

"ஆடல. நின்னேன்."

"ஆடப் போன எடத்துல நின்னீகளாக்கும்?"

"பாட்டு ஆரம்பிச்சுது. நிக்கிற எடம் முடிஞ்சு எல்லாரும் ஆட ஆரம்பிச்சாங்க. எனக்குக் கால் எழும்பல. ஒபீலியா என்னன்னு கேக்கல. அவளும் எம்பக்கத்துலயே நின்னா. கடைசிப் பாட்டு வரைக்கும் நின்னோம். சுத்தி எல்லாரும் ஆடுறாங்க, நாங்க ரெண்டு பேரும் நிக்கிறோம்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். என்னிடம் சொல்ல ஒரு வார்த்தை இல்லாதவருக்கு, அந்தக் கிழவி பக்கத்தில் விடிய விடிய நிற்க மட்டும் கால் இருந்திருக்கிறது.

அதோடு விட்டாரா? ஸ்தனிஸ்லாஸ் கதை ஒன்று சொன்னார். கப்பலில் இரண்டாம் சமையல்காரன், மணப்பாட்டு ஆள். பட்டப்பகலில், தளத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவன், கையிலிருந்த சட்டையை ஒழுங்காகக் கொடியில் போட்டுவிட்டு, கம்பியைத் தாண்டிக் கடலில் குதித்துவிட்டானாம். இவர் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். "அதுக்கு மறுநாள்தான் மொதமொதலா நான் சதுக்கத்துக்குப் போனேன். போகலன்னா நானும் அவம் பின்னாடி போயிருப்பேன்ட்டி" என்றார்.

என்னைப் பயமுறுத்துகிறார்! எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். எனக்கு இல்லாத துக்கமா? நான் குதித்தேனா? ஒரு ஆட்டமும் ஆடாமல் நான் உயிரோடு இருக்கவில்லையா?

வந்து கொஞ்ச நாள் கழிந்து, ஜெசி பள்ளிக்கூடம் போன பிறகு, பின்கட்டில் கிடந்த பெஞ்சை ஓரமாக இழுத்துப் போட்டார். "ஏட்டி, ஒரு செங்கல் எடம் போதும். கதவச் சாத்திக்கிடுவோம். யாருக்கும் தெரியாது" என்றார். நான் கையிலிருந்த முறத்தை வைக்கக்கூட இல்லை. "இது பிள்ள செத்த வீடு" என்றேன். பெஞ்சைத் திரும்ப இழுத்துப் போட்டுவிட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

பிறகு அவர் பாட்டுக்கு வேறு கப்பல், நான் பாட்டுக்கு வீடு. வருவார், போவார். ஒவ்வொரு லீவிலும் ஒருதடவை கேட்பார். ஒருதடவைதான். கப்பலேறுவதற்கு முந்தின நாள், சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "என்ன எமில்டா?" என்பார். எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் "சோப்பு வச்சீகளா?" என்பேன். முடிந்தது. இப்படியே ஜெசி கல்யாணமும் ஆகி, அவர் ஓய்வும் பெற்று வந்துவிட்டார்.

இது எட்டயபுரமா? ஆமாம். இறங்கவில்லையே நீ? சரி.

ஓய்வு பெற்ற மனுஷன் வீட்டில் இருந்தாரா? பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்து, கோவில் மண்டபத்தைச் சனிக்கிழமை சாயங்காலம் கேட்டு வாங்கிவிட்டார். டான்ஸ் என்றால் சாமியார் தரமாட்டார் அல்லவா, அதனால் 'மூத்தோர் நலப் பயிற்சி' என்று வாசலில் எழுதிப் போட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ரோச், அவர் பெண்சாதி. உப்புக் கம்பெனியில் கணக்குப் பார்த்த ஒருத்தர், அவர் பெண்சாதி. அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, பூசையிலேயே முழந்தாள் போடமாட்டாள், இங்கே வந்து ஆடினாள். அப்புறம் அமலி டீச்சர். எங்கள் ஜெசிக்கு எட்டாம் வகுப்பு எடுத்தவள். கல்யாணமே செய்துகொள்ளாதவள்.

எல்லோரும் ஜோடியாக வருகிறார்கள். சொல்லித் தருகிறவருக்கு ஜோடி வேண்டாமா? "நீ வந்து பக்கத்துல நின்னாப் போதும், மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நான் போகவில்லை. அந்த இடத்துக்கு அமலி டீச்சர் வந்தாள். நானா வரச் சொன்னேன்?

மீன் ஏலக் கூடத்தில் ஒருத்தி, "எமிலக்கா, உங்க வீட்டு அண்ணன் டீச்சரம்மா கையப் புடிச்சிட்டுச் சுத்துறாராமே, நல்லாப் படிச்சுக் குடுக்காகளா?" என்றாள். இன்னொருத்தி, "வெளிநாட்டுப் படிப்புல்லா!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வாங்கின மீனை அப்படியே போட்டுவிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை போனேன். தெருவில் வரும்போதே பாட்டு கேட்கிறது. சரக் சரக்கென்று கால்கள் தரையில் உரசுகிற சத்தமும் கேட்கிறது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்தச் சத்தம் கேட்டது. படியேறி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் கால் வைத்தேன். வைத்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

அப்படியே. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு ஆள் அசையவில்லை. ரோச்சும் பெண்சாதியும் நிற்கிறார்கள். கணக்குப்பிள்ளையும் பெண்சாதியும் நிற்கிறார்கள். நடுவில் இவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டது நான். பக்கத்தில் அமலி டீச்சர், இவர் முழங்கையில் கையைக் கோத்துக்கொண்டு, மற்றக் கையால் விசிறிக்கொண்டு. எல்லோரும் சுவரோரம் இருந்த பாட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தப்பு செய்யாதவர்கள் ஏன் நிற்க வேண்டும்? ஆடிக்கொண்டே இருந்திருக்கலாமே!

என்ன சொல்கிறாய்? ஜெசியும் இதையேதான் சொன்னாள். "அம்மா, அது நிக்கிற எடம்மா" என்று. இங்கே பார், நான் படிக்காதவள் இல்லை, எஸ்.எஸ்.எல்.சி. அந்த மெட்டு எனக்கும் மனப்பாடம். ஆனால் நான் காலை வைக்கிற நேரம் பார்த்தா வரும்? அவ்வளவு சரியாகவா?

நான் பேசிவிட்டேன். ஆமாம், பேசினேன். எத்தனையோ வருஷமாக வாயைத் திறக்காதவள் அன்றைக்குப் பேசினேன். "பிள்ளையப் பெட்டியில வச்சுப் புதைச்ச அன்னைக்கு டான்ஸ் ஆடப் போன மனுசன் இவரு. கேளுங்க, நீங்களே கேளுங்க, இல்லன்னு சொல்லச் சொல்லுங்க. பெத்தவளுக்கு ஒரு வார்த்த சொல்லல, கிழவியப் புடிச்சு ஆடினாரு. இவருகிட்டதான் நீங்க நலப் பயிற்சி எடுக்கிய!" என்றேன். மண்டபம் பெரிதல்லவா, என் குரல் எனக்கே இரண்டாவது தடவை திரும்பிவந்தது.

பாட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. ஆடுகிற இடம். யாரும் காலெடுத்து வைக்கவில்லை. அமலி டீச்சர் கையை எடுத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். ரோச்தான் போய்ப் பாட்டுப் பெட்டியை நிறுத்தினார்.

இவர் அங்கேயே நின்றார். "எமில்டா, இது நிக்கிற எடம்" என்றார். அவ்வளவுதான். மெதுவாக, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. நான் கேட்டதற்கு அதுவா பதில்? ஆடவில்லை என்று சொன்னாரா? இல்லை. நின்றேன் என்று அன்றைக்கு என்னிடம் சொன்னாரே, அதையாவது அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்படியானால் என்ன அர்த்தம்?

அடுத்த சனிக்கிழமை அவர் மண்டபத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் போனார். பிறகு சாவியைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டார். அமலி டீச்சர் காலைப் பூசைக்கு மாறிவிட்டாள், எங்களை எதிரில் பார்க்கிற மாதிரி வருவதில்லை. நான் யாரையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களாக நின்றுகொண்டார்கள்.

கண்ணைத் துடைக்கிறாயே, தூசி விழுந்துவிட்டதா? அந்த ஜன்னலைச் சாத்து. இந்த ரோட்டில் எப்போதும் மண்தான்.

அதன் பிறகு அவர் தன்ஸோன் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். மீன் கழுவும்போது பக்கத்தில் வந்து உட்காருவார், சும்மா இருப்பார். ஹைத்தி இல்லை, மட்டான்ஸாஸ் இல்லை. வீடு அமைதியாக இருந்தது. அமைதி நல்லதுதானே. ஒருநாள் நானே, "அந்தப் பத்திரிகைக்காரன் கதை என்னது, எப்பவும் சொல்லுவீகளே?" என்று கேட்டேன். "மறந்துபோச்சுட்டி" என்றார். எப்படி மறக்கும்? எனக்கு மறக்கவில்லையே.

மறு வருஷம் வாதம் விழுந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. நான் பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். ஜெசியைக் கேள். ஹோம் நர்ஸ் வைப்போம் என்றாள், நான் விடவில்லை. குளிப்பாட்டினேன், சவரம் செய்துவிட்டேன், ஒருநாள்கூடப் படுக்கைப் புண் வரவிடவில்லை. பேச்சு இல்லாவிட்டால் என்ன, கண்ணைப் பார்த்தே அவருக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவேன். டாக்டரே சொன்னார், "உங்களுக்குத்தான் அவர் பாஷை தெரியுது" என்று. கடைசிவரை அவர் கேட்டதில் ஒன்றைக்கூட நான் இல்லை என்று சொன்னதில்லை.

போவதற்கு ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம். கோவில் பேண்ட் பையன்கள் குருத்து ஞாயிறுக்காக மண்டபத்தில் பழகிக்கொண்டிருந்தார்கள். என்ன பாட்டோ, ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இழுத்து இழுத்து, மெதுவாக. நான் கட்டில் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவரைச் சாய்த்து உட்காரவைத்திருந்தேன். வாசல் பக்கம் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தவர், பேண்ட் மெட்டை மாற்றினதும் என் பக்கம் திரும்பினார். இடது கையை மெதுவாகத் தூக்கினார். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, என் முன்னால் நீட்டினார். நீட்டிக்கொண்டே இருந்தார். கண் என் முகத்திலேயே இருந்தது.

"என்ன வேணும்? தண்ணியா?" என்றேன். இல்லை என்று கண்ணை மூடித் திறந்தார். கை இறங்கவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. முந்தின நாள் ஜெசி பேக்கரியில் மக்ரூன் வாங்கிவந்திருந்தாள். அவருக்குச் சிறுபிள்ளையிலிருந்தே உயிர். சர்க்கரை இருக்கிறது என்று நான்தான் எடுத்து அலமாரியில் வைத்திருந்தேன். இத்தனை நாள் கட்டுப்பாடாக வைத்திருந்து என்ன கண்டோம், பாவம், ஆசையாகக் கேட்கிறார் என்று எழுந்து போய் ஒன்றை எடுத்துவந்து அந்த உள்ளங்கையில் வைத்தேன்.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாய்க்குக் கொண்டுபோனார். மெதுவாகத் தின்றார். உதட்டோரம் ஒட்டியிருந்த தூளை நான் துடைத்துவிட்டேன். கையைப் போர்வையில் தேய்த்துக்கொண்டார். பேண்ட் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது. மறுபடியும் கையை நீட்டினார், அதே மாதிரி, உள்ளங்கை மேலே பார்க்க.

இன்னொன்று எடுத்து வைத்தேன்.

அதையும் தின்றார்.